கதவுக்குப் பின்னால் அவன் நின்றது ஏன்

"காதல் தோல்வின்னு இன்னொரு தடவை சொன்னே, அப்புறம் நான் உன் வீட்டுப் படி ஏற மாட்டேன், பாத்துக்க" என்று எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். அவள் விடுகிற ஆளா? "நான் என்ன இல்லாததையா சொல்றேன்? உங்க பேரன் ஊரை விட்டுப் போன அன்னிக்குக் காலையில, கதவுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு, அந்தச் சாவிக்கடைப் பொண்ணு போறதைப் பாத்துக் கண்ணைத் துடைச்சானே, என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். பாவம், தங்கமான பிள்ளை. அவதான் ஆசை காட்டி ஏமாத்திட்டா" என்கிறாள்.

பார்த்தது நிஜம்தான். நின்றான், கண்ணைத் துடைத்தான். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஆனால் இவள் கட்டுகிற கதை வேறு, நடந்தது வேறு. இந்தத் தெருவே இப்போது அவனுக்காக உச்சுக்கொட்டுகிறது. இஸ்திரிக்காரர் துணியை நீட்டும்போது ஒரு பெருமூச்சையும் சேர்த்து நீட்டுகிறார். மருந்துக்கடைக்காரர் மாத்திரையோடு ஆறுதலும் தருகிறார்: "வயசுப் பையன் பாட்டி, இது போனா இன்னொண்ணு." பேரனுக்குப் பரிந்து பேசுகிறவர்களோடு மல்லுக்கு நிற்கிற கிழவி ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இருந்துவிட்டுப் போகிறேன். திட்டுவதானால் அவன் செய்ததற்குத் திட்டட்டும். செய்யாத காதலுக்கு இரக்கம் வேண்டாம். அந்த இரக்கத்தையெல்லாம் பழியாக்கி அந்தப் பெண்ணின் தலையில் அல்லவா கொட்டுகிறார்கள்?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். அவனுக்கு நேர் இளையவள், அதே பள்ளிக்கூடம். "அண்ணனை ரொம்ப மட்டம் தட்டாத பாட்டி" என்கிறாள். சொன்னதை மட்டும் எழுதடி என்றிருக்கிறேன்.

அவன் பிறந்தபோதே நீளம். வளர வளர நீளம் மட்டும் வளர்ந்தது, அகலத்தைக் காணோம். பள்ளிக்கூடத்தில் 'ஒட்டடைக்குச்சி' என்று பெயர் வைத்தார்கள். பிறகு வாய் வலித்ததோ என்னவோ, 'ஒட்டடை' என்று சுருக்கிக்கொண்டார்கள். என் மகன் டவுன் பஸ் ஓட்டுகிறவன். மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கைத்துணி துவைக்கும் இடத்தில் வேலை. இரண்டு பேருக்கும் ஷிப்ட். அதனால் பிள்ளைகள் இரண்டும் என் பக்கத்தில், நான் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பட்டன் தைக்கிற ஜன்னலுக்குக் கீழே வளர்ந்தவர்கள்.

ஒட்டடைக்கு வாய் ஓயாது. யாரோடும் பேசுவான். பட்டன் தைக்க வருகிற பெண்களோடு, காவல்காரரோடு, மாடிப்படி பெருக்குகிற அம்மாவோடு, தன் வகுப்புப் பெண் பிள்ளைகளோடு. பெண்ணோடு பேசுவதற்கென்று தனியாக ஒரு குரலை அவன் வைத்துக்கொண்டதில்லை. சின்ன வகுப்புகளில் அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. பெரிய வகுப்புக்குப் போனதும் அதுவே குற்றமாகிவிட்டது.

ஒரு நாள் சட்டையைக் கொண்டுவந்து, "மேல் ரெண்டு பட்டனையும் பிச்சுடு பாட்டி" என்றான்.

"நான் தைக்கிறதுக்குத்தான்டா உக்காந்திருக்கேன், பிக்கிறதுக்கா?"

"கழுத்து வரைக்கும் பட்டன் போட்டா பொம்பளப்பயங்கறாங்க."

"பட்டன் போடறதுல என்னடா ஆம்பள, பொம்பள? உன் அப்பன் கழுத்து வரைக்கும் பூட்டிக்கிட்டுத்தான் பஸ் ஓட்டறான்."

"நீ எங்க ஸ்கூல்ல படிச்சுப் பாரு, தெரியும்" என்று தானே பிய்த்துக்கொண்டான்.

படிக்காவிட்டால் என்ன, பேத்தி சொல்லித் தெரிந்துகொண்டேன். அங்கே கடைசி வருஷப் பையன்களுக்குக் கடைசி பெஞ்ச்தான் நாட்டாமை. பந்து விளையாடுகிற பையன் ஒருவனை 'கேப்டன்' என்பார்கள். அவன் ஒவ்வொருத்தனையும் கேட்பான்: "உன் ஆளு யாருடா?" ஆளு என்றால் அவனுடைய பெண். ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் போதும். அந்தப் பெண்ணைக் கேட்க வேண்டியதில்லை, அவளோடு ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து அவள் அவனுடையவள். மற்றப் பையன்கள் எல்லோரும் அவளை 'அண்ணி' என்று கூப்பிடுவார்கள். பெயர் சொல்லாதவன் 'சாமியார்'.

இதில் வேடிக்கையைக் கவனியுங்கள். பெண்ணோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுகிறவன் பொம்பளப்பயல். பேசவே பயந்துகொண்டு தூரத்திலிருந்து பெயரை மட்டும் சொல்கிறவன் ஆம்பளை. என் பேரன் அந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டான்.

நாங்கள் குடியிருப்பது மாடியில், கதவு மட்டும் கீழே தெருவைப் பார்த்து இருக்கும்; அது ஒரு தினுசு. கைப்பிடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் சாவியைத் திருப்ப வேண்டும். ஒட்டடை ஒரு நாள் அவசரத்தில் தூக்காமல் திருப்பி, சாவியைப் பாதியாக உடைத்தான். மற்றப் பாதி பூட்டுக்குள்ளே. தெருமுனையில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சாவிக்கடை இருக்கிறது. அதன் சொந்தக்காரரின் மகள் இவன் வகுப்புதான். அவளே வந்தாள். கண்ணுக்கு ஒரு பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மெல்லிய கொக்கியை உள்ளே விட்டு, மூச்சைப் பிடித்து இழுத்தாள். துண்டு வெளியே வந்து விழுந்தது.

"இனிமே கதவைத் திறக்கறதுன்னா திற, மல்யுத்தம் பண்ணாத" என்றாள் இவனைப் பார்த்து. எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது.

அதற்கப்புறம் பள்ளிக்கூடம் விட்டதும் கொஞ்ச நேரம் அந்தக் கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டு வருவான். அவள் இயந்திரத்தில் சாவி வெட்டுவாள். இவன் வெட்டாத சாவிகளை எடுத்துக் கொடுப்பான். அவள் கணக்கு வாத்தியாரைப் போல மூக்கால் பேசிக் காட்டுவாளாம். வீட்டுக்கு வந்து அதை எனக்கும் பேசிக் காட்டுவான். அவர்களுக்குள் இருந்தது அவ்வளவுதான். அது நன்றாக இருந்தது. அதற்குப் பெயர் வைக்க வேண்டிய அவசியம் இரண்டு பேருக்கும் வரவில்லை.

ஒரு சாயங்காலம் கேப்டனும் கூட்டமும் அந்த வழியாகப் போகையில் இவனை ஸ்டூலில் பார்த்துவிட்டார்கள். மறுநாள் கடைசி பெஞ்சில் இவனை நடுவில் உட்கார வைத்து விசாரணை.

"என்ன சாமியாரே, சாவிக்கடையில ஆசிரமமா?"

"இல்ல மச்சான், ரெண்டு பேரும் தலையில பேன் பாத்துக்கிறாங்க."

"நாளைக்கு ரெட்டைச் சடை போட்டுட்டு வாடா ஒட்டடை, பொண்ணுங்க பக்கம் இடம் பிடிச்சு வைக்கச் சொல்றேன்."

சிரிப்பு அடங்கவில்லை. அடுத்த வகுப்புப் பையன்கள்கூட எட்டிப் பார்த்தார்களாம். அவன் காதெல்லாம் சூடாகி, எப்படியாவது இது நின்றால் போதும் என்று, "டேய், சும்மா இருங்கடா. அவ என் ஆளுடா" என்று சொல்லிவிட்டான்.

சொன்னதும் பெஞ்சே எழுந்து நின்றது. இவனைத் தோளில் தூக்கினார்கள். கேப்டன் இவன் கழுத்தில் கை போட்டு, "மறைச்சிட்டியேடா திருட்டுப்பயலே" என்றான். அன்றோடு ஒட்டடை செத்தான், 'அண்ணன்' பிறந்தான். கடைசி பெஞ்சில் நிரந்தர இடம். டீக்கடையில் அவனுக்கென்று ஒரு மூலை. வீட்டுக்கு வந்தவனின் நடையே மாறியிருந்தது.

என் மகன் காதுக்கும் விஷயம் போனது. பஸ்ஸில் ஏறிய பையன்கள், "அண்ணனோட அப்பாடா" என்று எழுந்து இடம் விட்டார்களாம். ராத்திரி சாப்பிடும்போது மீசையைத் தடவிக்கொண்டு, "ஒட்டடை ஒட்டடைன்னு சொன்னாங்க. ஆம்பளப் பிள்ளையைத்தான்மா பெத்திருக்கேன்" என்றான். நானும் சிரித்தேன். மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணுக்குத் தெரியுமாடா?" என்று கேட்டாள். இவன் தட்டைக் கழுவ எழுந்துவிட்டான்.

அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து பள்ளிக்கூட வாசல் கேட்டில் "அண்ணி வணக்கம்." தண்ணீர்க் குழாயடியில் "வழி விடுங்கடா, அண்ணி குடிக்கட்டும்." வகுப்பில் பதில் சொல்ல எழுந்தால் கடைசி பெஞ்ச் முழுக்க இருமல். வாத்தியார்களும் அந்த வயசைத் தாண்டி வந்தவர்கள்தானே. திரும்பி நின்று சிரிப்பை மறைத்துக்கொண்டார்கள். என் பேத்தியை 'நாத்தனார்' என்றார்கள். நான் காய்கறிப் பையோடு மூச்சு வாங்கச் சாய்ந்து நிற்கிற சுவரில் பெயின்ட்டால் என்னமோ பெரிதாக எழுதியிருந்தது. தினம் அதன்மேல்தான் சாய்ந்துகொண்டிருந்தேன். 'அண்ணன் அண்ணி' என்றும், கீழே இவன் பட்டப்பெயரும், பக்கத்தில் அந்தப் பெண்ணின் முழுப்பெயரும் என்று பேத்தி வாசித்துச் சொன்னபோது முதுகு கூசியது.

அவள் இவனையே கேட்டிருக்கிறாள், கடையில், இயந்திரத்தை நிறுத்திவிட்டு.

"எதுக்கு எல்லாரும் என்னை அண்ணிங்கறாங்க? நீ ஏதாவது சொன்னியா?"

"எனக்குத் தெரியாது. சும்மா விளையாடறாங்க."

"நீ சொல்லி நிறுத்தேன். இப்பெல்லாம் உன் பேச்சைத்தானே கேக்கறாங்க."

"சரி."

அவள் நம்பினாள். மறுபடி கணக்கு வாத்தியாரைப் பேசிக் காட்டினாளாம், இவன் முகம் வாடியிருக்கிறதே என்று. பிற்பாடு இதை என்னிடம் சொன்னபோது, "பெஞ்சுல சொன்னது பயத்துல பாட்டி. கடையில சொன்னது என்னத்துல?" என்று கேட்டான். நான் நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தேன்.

அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஒட்டடையாக வேண்டும். நாளை சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனான். அதற்குள் ஒரு நாள் பையன்கள் கடைக்கே போய்விட்டார்கள். "அண்ணி, ஒரு சாவி போடணும்" என்று ஒருவன் இளித்தபோது, அலமாரிக்குக் கீழே குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்த அவள் அப்பா நிமிர்ந்தார். அந்த மனிதர் சத்தம் போடவில்லை. சாவியை வெட்டி, ராவி, ஊதிக் கையில் கொடுத்தார். அவர்கள் போனதும் ஷட்டரை இறக்கினார். மறுநாள் அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கடைக்குப் பின்னால் ஒரு திரை தொங்கவிட்டு, அதற்குள் உட்கார்ந்து அரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் இவனுக்கு மவுசு இன்னும் ஏறிவிட்டது. "அண்ணியை வீட்ல பூட்டிட்டாங்கடா, அண்ணன் சோகத்துல இருக்கான்" என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். சோகப் பாட்டாகப் பாடிக் காட்டினார்கள். இவன் வாய் திறக்காமல் இருந்தால் அதையும் காதல் என்றார்கள். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான்; தட்டு அப்படியே இருக்கும். ஒரு மத்தியானம் என் ஜன்னலடியில் வந்து உட்கார்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். சொல்லிவிட்டு, "கடைக்குப் போறேன். நீயும் வா பாட்டி. நீ எதுவும் பேசாத, சும்மா கூட நில்லு" என்றான்.

போனேன். சாவிக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இயந்திரத்தை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேலே இவன் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"நான்தான் சொன்னேன், அவ என் ஆளுன்னு. பொய். அவளுக்கு எதுவும் தெரியாது."

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். "யார் யார்கிட்ட சொன்னே?"

"கடைசி பெஞ்சுல."

"அவங்க யார் யார்கிட்ட சொன்னாங்க?"

திரை விலகியது. அவள் அந்தப் பெரிய கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் கேட்டப்போ தெரியாதுன்னே."

"ஆமா."

"அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா நானே உனக்கு ரெண்டு போட்டு, அவனுங்களுக்கும் நாலு போட்டு முடிச்சிருப்பேன். உன்னை என் ஃப்ரெண்டுன்னு நினைச்சுல்ல உக்காந்திருந்தேன்?"

பிறகு அவள் இவனைப் பார்க்கவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்கல்ல? இப்போ சொல்லுங்க, யார் உள்ள உக்காரணும்? பொய் சொன்னவன் கேட்டுக்குள்ள போறான், நான் திரைக்குள்ள இருக்கேன். ஒருத்தர்தான் அங்க போக முடியும்னா, அது ஏன் நானா இருக்கக் கூடாது?"

பேசக் கூடாது என்று அழைத்துவந்திருந்தும், என் வாய் சும்மா இருக்குமா? "அவன் இந்த வருஷம் பெரிய பரீட்சை எழுதணுமேம்மா" என்றேன்.

"எனக்கும் அதே பரீட்சைதான் பாட்டி" என்றாள்.

சாவிக்கடைக்காரர் என்னைப் பார்க்காமல் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்தக் கூப்பாடு நிக்கட்டும். அன்னிக்கு அனுப்பறேன்."

மறுநாள் இவன் கடைசி பெஞ்சுக்குப் போய், எல்லோர் முன்னாலும் சொன்னான். அவள் யாருக்கும் ஆளு இல்லை, நான் பொய் சொன்னேன், இனிமேல் யாரும் அவளை அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று. கேப்டன் கை தட்டினான்.

"பாத்தீங்களாடா? அண்ணியைக் காப்பாத்த அண்ணன் பழியைத் தன் தலையில போட்டுக்கிறான். இவன்டா ஆம்பள!"

தூக்கிவிட்டார்கள் மறுபடியும் தோளில். பொய்யைச் சட்டென்று நம்பினவர்கள் நிஜத்தை நம்ப மறுத்துவிட்டார்கள். அவன் திமிறி இறங்கி, கேப்டனைப் பிடித்துத் தள்ளி, உதடு கிழிந்து வீட்டுக்கு வந்தான். தலைமை ஆசிரியர் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "வயசுக் கோளாறு, போங்க" என்று அனுப்பிவிட்டார். அதோடு முடிந்ததா? காதலுக்காக அடி வாங்கினவன் என்று அதற்கும் ஒரு பட்டம்.

பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே இருந்து பார்த்தான். எங்கள் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, "அண்ணா! அண்ணிக்கு ஏதாச்சும் சொல்லணுமா?" என்று குரல் கொடுத்தார்கள். நான் அழுக்குத் தண்ணீரை எடுத்து ஊற்றினேன். நனைந்துகொண்டே, "பாட்டி, அண்ணி கையால ஊத்தினா இன்னும் நல்லாருக்கும்" என்றான் ஒருவன். எங்கள் வீடு இருப்பது பள்ளிக்கூடத்துக்குப் போகிற தெருவில். இவன் இந்த ஜன்னலில் இருக்கிறவரை கூப்பாடும் இந்தத் தெருவை விட்டுப் போகாது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது.

மருமகளின் அண்ணன் வேறு ஊரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். அங்கே போகிறேன், அடுத்த வருஷம் அந்த ஊரில் சேர்ந்து எழுதிக்கொள்கிறேன் என்றான். என் மகன் குதித்தான்.

"ஒரு பொண்ணுக்காக ஒரு வருஷத்தை விடறவன் ஆம்பளையாடா?"

"ஆம்பளைன்னு காட்டப்போய்த்தான்பா அவளோட வருஷம் போகுது."

என் மகன் கையை ஓங்கினான். மருமகள் நடுவில் வந்து நின்றாள். "நான் அந்தப் பொண்ணோட அம்மாவா இருந்திருந்தா, அன்னிக்கு இவனைக் கடை வாசலையே மிதிக்க விட்டிருக்க மாட்டேன். போகட்டும் விடுங்க" என்றாள். நான் அழுதேன். போகாதே என்று கெஞ்சினேன். இவ்வளவும் அந்தக் கடையில் நின்று காதால் கேட்டுவிட்டு வந்தவள்தான் நான். ஆனாலும் கெஞ்சினேன். அவன் மசியவில்லை. பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டாம்.

அவன் புறப்படுகிற அன்றே அவளை அனுப்புவதாகச் சாவிக்கடைக்காரர் சொல்லியிருந்தார். என் மகன் விடியற்காலை ஷிப்டுக்குப் போய்விட்டான், அவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் வெளியூர் டூட்டிக்குத் தான் எடுத்துப் போகிற பையைக் காலி செய்து கதவோரம் வைத்துவிட்டுப் போயிருந்தான். இவன் அதில் துணிகளை அடுக்கிக்கொண்டான். காலைப் பள்ளிக்கூட நேரம். டீக்கடையில் கேப்டனும் கூட்டமும் வழக்கம்போல நின்றார்கள். இவன் கைப்பிடியைத் தூக்கி, சாவியைத் திருப்பி, கதவைக் கொஞ்சம் திறந்தவன் அப்படியே பின்னால் வந்துவிட்டான்.

"என்னடா?"

"அவ வரா பாட்டி. போகட்டும். என் மூஞ்சியில முழிக்க வேண்டாம்."

இடுக்கு வழியாக நானும் பார்த்தேன். இரண்டு பெண்களோடு பை மாட்டிக்கொண்டு வந்தாள். டீக்கடைப் பக்கம் தலைகள் நிமிர்ந்தன. ஒருவன் இருமினான். மற்றவர்கள் எங்கள் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை. கதவிலும் யாரும் இல்லை. இரண்டாவது இருமல் வரவில்லை. கேப்டன் டீயை ஊதிக் குடித்தான். அவள் எங்கள் வாசலைத் தாண்டும்போது பக்கத்திலிருந்தவளிடம் என்னமோ சொன்னாள். மூக்கால், கணக்கு வாத்தியாரின் குரலில். அந்தப் பெண்கள் சிரித்தார்கள்.

அப்போதுதான் இவன் கண்ணைத் துடைத்தான். நேர் எதிரே தன் வாசலில் நின்று, கதவிடுக்கு வழியாக எதிர்வீட்டுக்காரி பார்த்தது அதைத்தான்.

பள்ளிக்கூடப் பக்கத் தெருமுனை திரும்பி அவள் மறைகிறவரை நின்றான். பிறகு என் கையை ஒரு தரம் அழுத்திப் பிடித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். பஸ் ஸ்டாப் அவள் போன பக்கம்தான் இருக்கிறது. அவன் இந்தப் பக்கம் திரும்பி, சுற்றுவழியாகப் போனான்.